மாமியார் வைத்த தலையணை

அத்தியாயம் 11

கலியம்மாள் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டதாகத் திருமானூரில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. பால்காரரிடம் கேட்டதில்லை. பெற்ற பிள்ளையிடமும் கேட்டதில்லை. மருமகள் பூவிழி பைக்கிலிருந்து விழுந்து முழங்காலில் ஜவ்வு அறுந்து மூன்று மாதமாகிறது. அவளிடமும் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்க வேண்டிய காரணம் இருக்கிறது. விடாமல் படிப்பவர்களுக்கு அது தெரியும். நடுவில் ஊருக்குப் போய் இரண்டு வாரம் விட்டவர்களுக்காகச் சொல்கிறேன்.

உடையார்பாளையத்தில் ஒரு காதுகுத்து. சுடிதார் போட்டுக்கொண்டு, கணவன் அறிவுச்செல்வனின் பைக்கில் இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறி உட்கார்ந்த பூவிழியை இறக்கிவிட்டதே கலியம்மாள்தான்.

"சொந்தக்காரங்க அத்தன பேரும் வாசல்லயே நிப்பாங்க. அவங்க முன்னாடி ஆம்பளையாட்டம் கால போட்டுக்கிட்டா போயி எறங்குவ? சேலையக் கட்டிக்கிட்டு ஒரு பக்கமா உக்காரு" என்றாள்.

பூவிழி சேலை கட்டினாள். ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். சீர்த் தாம்பாளத்தை அவள் மடியில் தூக்கி வைத்ததும் கலியம்மாள்தான். வழியில் கரும்பு ஏற்றிய டிராக்டருக்கு ஒதுங்கும்போது வண்டி சரிந்தது. தாம்பாளத்தைப் பிடித்திருந்த இரண்டு கையும் வேறெதையும் பிடிக்கவில்லை. இடது காலைத் தரையில் ஊன்றினாள். கால் நின்ற இடத்திலேயே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் பட்டென்று ஒரு சத்தம்.

பெரம்பலூரில் ஆபரேஷன் செய்தார்கள். அவள் தொடையிலிருந்தே தசைநார் எடுத்து, ஜவ்வு அறுந்த இடத்தில் வைத்தார்கள். ஏழு வாரம் ஓடிவிட்டது. வனக்காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பூவிழி தேறியிருக்கிறாள். மிச்சம் இருப்பது நடைத் தேர்வு. கையில் கடிகாரத்தோடு ஆட்கள் நிற்க, கிலோமீட்டர் கணக்கில் நடந்து காட்ட வேண்டும். அதற்கு இன்னும் நாலரை மாதம் இருக்கிறது. அதற்குள் கால் தேறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "சொன்னபடி செஞ்சா" என்று சேர்த்துத்தான் சொல்லியிருந்தார்.

இந்தச் சனிக்கிழமை மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள்.

தெருக்கோடி தர்மராஜின் காரில் பின்சீட் முழுவதும் பூவிழிக்கு. அவள் கதவில் முதுகைச் சாய்த்து, இடது காலை நீட்டிக்கொண்டாள். கலியம்மாள் மறு ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து மருமகளின் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு பையிலிருந்து ஒரு தலையணையை எடுத்தாள். பழைய நீலக் கட்டம் போட்ட லுங்கியில் உறை தைத்து, இலவம்பஞ்சு அடைத்து, இதற்கென்றே தன் கையால் செய்தது. கைக்குழந்தைக்கு வைக்கிற அளவுதான் இருக்கும். அதைப் பூவிழியின் முட்டிக்கு அடியில் மெல்ல நுழைத்தாள்.

"அப்பாடா" என்றாள் பூவிழி.

அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் கலியம்மாள் ஏழு வாரமாகக் காத்துக் கிடக்கிறாள். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அது அவளுக்கு வேண்டும்.

முன்சீட்டிலிருந்து அறிவு திரும்பினான். "அம்மா, அந்த எக்சர்சைஸ் பேப்பர எடுத்தியா?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு. நீ ரோட்டப் பாரு."

"நான் எங்க ஓட்டுறேன்? தர்மராஜண்ணன்தான ஓட்டுறாரு."

"அவரப் பாக்க வுடு. நீ பேச்சுக் குடுத்துக்கிட்டே வராத."

அறிவு வாயை மூடிக்கொண்டான். விபத்துக்குப் பிறகு அவன் பைக்கைத் தொடவில்லை. கொல்லையில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற தன் ஜெராக்ஸ் கடைக்கு நடந்தேதான் போய் வருகிறான். ஓட்டுவதைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அவன் முகம் செத்துப்போகும்.

அரியலூரை நெருங்கும்போது சிமெண்ட் லாரிகள் வரிசை கட்டி நின்றன. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தர்மராஜ் ஓரமாக வண்டியை விட்டார். ஒரு பள்ளம். பூவிழி உதட்டைக் கடித்தாள்.

"ஏம்ப்பா தர்மராசு, ரோட்டுல இருக்குற பள்ளமெல்லாம் உன் பேர்லயா பட்டா போட்டிருக்கு? ஒண்ணு விடாம எறங்கி எறங்கிப் பாத்துட்டு வர்ற!"

பூவிழி சிரித்துவிட்டாள். கல்யாணமான மூன்று வருடத்தில் மாமியாரின் வாய் தனக்காக இன்னொருவர் மீது பாய்வதை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

*

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அறை பின்பக்கம். வெற்றிச்செல்வி மேடத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கை சுறுசுறுப்பு, வாய் அதைவிடச் சுறுசுறுப்பு. பூவிழியை மேசையில் படுக்க வைத்தாள்.

"கால நீட்டும்மா."

"நீட்டிட்டேன் மேடம்."

"இல்ல, நல்லா நீட்டு."

"இவ்ளோதான் மேடம் வருது."

வெற்றிச்செல்வி வலது முட்டிக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்த்தாள், நுழையவில்லை. இடது முட்டிக்கு அடியில் கையை விட்டாள். முழுக் கையும் உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது. அளவுகோலை வைத்து இரண்டு தடவை அளந்தாள். பிறகு கலியம்மாள் நீட்டிய பேப்பரைப் பார்த்தாள்.

"மூணு வேளையும் டிக்கு. ஒரு நாள் கூட விட்டுப்போகல. பேப்பர்ல நூத்துக்கு நூறு. கால் மட்டும் ஃபெயிலு. எப்புடி?"

வெற்றிச்செல்வி பேப்பரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"படுக்குறப்ப முட்டிக்கு அடியில எதாச்சும் வைக்கிறீங்களா?"

கலியம்மாளின் பையிலிருந்து நீலக் கட்டத்தின் ஒரு முனை எட்டிப் பார்த்தது. அவள் அதைக் கையால் உள்ளே அமுக்கினாள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று, இதே வெற்றிச்செல்வி, வெளியே வராந்தாவில் கலியம்மாளை நிறுத்திச் சொன்னாள்: "அம்மா, இது ரொம்ப முக்கியம். முட்டிக்கு அடியில தலகாணி வைக்கவே கூடாது. வச்சா சொகமாத்தான் இருக்கும், ஆனா கால் மடங்கியே இறுகிப்போயிடும். குதிகாலுக்கு அடியில மட்டும் துண்டச் சுருட்டி வைங்க. அழுதாலும் விடாதீங்க." அறிவு அப்போது மருந்து வாங்கப் போயிருந்தான். பூவிழி சக்கர நாற்காலியில் அரைத் தூக்கத்தில் இருந்தாள். கேட்டது கலியம்மாள் ஒருத்திதான். "சரிங்க" என்று தலையையும் ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மதியம் பூவிழி வலி தாங்காமல் "அம்மா, அம்மா" என்று அரற்றினாள். அவள் அம்மா இறந்தபோது அவள் பத்தாம் வகுப்பு. இல்லாத அம்மாவை அவள் கூப்பிட்டதைக் கலியம்மாளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு பக்கமா உக்காரு, ஒரு பக்கமா உக்காரு என்று தான் சொன்னது காதுக்குள் குடைந்தது. ஆஸ்பத்திரியில் சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அழுகிற பிள்ளையை யார் பார்ப்பது? ஒரு நாளைக்கு மட்டும் என்று ஒரு தலையணையை நுழைத்தாள். அழுகை நின்றது. மறுநாளும் வைத்தாள். அந்த வாரமே லுங்கியைக் கிழித்துப் புதிதாக ஒன்று தைத்தும் விட்டாள்.

"கேக்குறேன்ல? யாரு வச்சது?" என்றாள் வெற்றிச்செல்வி.

இந்த இடத்தில் கலியம்மாள் வாயைத் திறந்திருக்க வேண்டும். தெருவில் ஆடு அடுத்த வீட்டுச் செடியைக் கடித்தால்கூட அரை மணி நேரம் பேசுகிற வாய் அது. திறக்கவில்லை.

"நான்தான் மேடம்" என்றாள் பூவிழி. "வலி தாங்கல. நானே எடுத்து வச்சுக்கிட்டேன்."

அறிவு அம்மாவைப் பார்த்தான். கலியம்மாள் தரையைப் பார்த்தாள். வெற்றிச்செல்வி பூவிழியைப் பிடித்துக்கொண்டாள். படிச்ச புள்ளதானே, புத்தி வேண்டாமா, உன் காலு மேல உனக்கே அக்கறை இல்லன்னா நாங்க என்னத்துக்கு என்று விளாசித் தள்ளினாள். ஒவ்வொரு வார்த்தையும் தனக்கு வர வேண்டியது என்று கலியம்மாளுக்குத் தெரியும். தன் அடியைச் சின்னப் பெண் வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறாள், தான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். சீ என்று இருந்தது.

டாக்டர் வந்தார். முட்டியை ஆட்டிப் பார்த்தார்.

"உள்ள வச்ச ஜவ்வு கெட்டியா இருக்கு. பிரச்சன அது இல்ல. முட்டி மடங்கியே பழகிருச்சு. மூணு வாரம் பாப்போம். நேரா வந்துருச்சுன்னா நல்லது. வரலன்னா மறுபடி மயக்கம் குடுத்து, உள்ள போயி சரி பண்ணணும்."

"நடைத் தேர்வு சார்..." என்றாள் பூவிழி.

"இன்னொரு ஆபரேஷன்னு ஆயிட்டா இந்த வருசம் அத மறந்துரும்மா."

பூவிழி அழவில்லை. துப்பட்டா ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிடித்து உருவிக்கொண்டே இருந்தாள். கலியம்மாளுக்கு அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

டாக்டர் போன பிறகு வெற்றிச்செல்வி குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்தாள். முட்டிச் சில்லுக்குச் சற்று மேலே, தொடை முடிகிற இடத்தில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக் காட்டினாள்.

"இங்க வச்சு கீழ அழுத்தணும். சில்லு மேல கை வைக்கக் கூடாது. ஒரே சீரா அழுத்தணும், குத்தக் கூடாது. ஒரு தடவைக்குப் பத்து நிமிசம். ஒரு நாளைக்கு அஞ்சு தடவ. கத்தும், கெஞ்சும். விடக் கூடாது. வூட்ல யாரு செய்வீங்க?"

அறிவு முன்னால் வந்தான். கையை வைத்து அழுத்தினான். பூவிழி "ஆ" என்றாள். நாலு வினாடி கூட ஆகவில்லை, கை தானாக எழுந்துவிட்டது. "சாரி பூவு, சாரி" என்றான்.

"சார், நீங்க இதுக்கு லாயக்கில்ல" என்ற வெற்றிச்செல்வி, கலியம்மாளைப் பார்த்தாள்.

"அத்த வேணாம் மேடம்" என்றாள் பூவிழி அவசரமாக. "அவங்களால முடியாது. எனக்கு வலிச்சா அவங்க அழுதுடுவாங்க."

கலியம்மாளைப் பார்த்து உன்னால் முடியாது என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர்கள் கிடையாது. இன்று அவள் அதையும் கேட்டுக்கொண்டாள்.

வெளியே வராந்தாவில் அறிவு போனில் பேசிக்கொண்டிருந்தான். "மாமா, ஜவ்வு நல்லாத்தான் இருக்காம். ஆனா கால் நேரா வரல. இன்னொரு ஆபரேஷன் பண்ண வேண்டி வரலாம்ங்கிறாங்க... இல்ல மாமா, ஆஸ்பத்திரி மேல தப்பு இல்ல. வூட்ல பாத்துக்கிட்டதுலதான் ஏதோ..." அந்தப் பக்கம் பூவிழியின் அப்பா வைரக்கண்ணு, பூலாம்பாடியில். என்ன சொன்னாரோ, அறிவு போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு பார்வை பார்த்தான். அவர் வைத்துவிட்டிருந்தார்.

*

திரும்பி வரும்போது தலையணை பையை விட்டு வெளியே வரவில்லை.

முட்டிக்கு அடியில் எதுவும் இல்லாமல் கால் நீண்டு கிடந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பூவிழி கண்ணை மூடித் திறந்தாள். கலியம்மாள் பாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். தர்மராஜ் எத்தனை பள்ளத்தில் இறங்கியும் யாரும் திட்டாததால் அவரே இரண்டு தடவை கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

அரியலூர் தாண்டியதும் பழக்கத்தில் பூவிழி, "அத்த, தலகாணி..." என்றாள். உடனே அவளே, "இல்ல, வேணாம்" என்றாள்.

கலியம்மாள் பையைக் காலுக்கு அடியில் தள்ளினாள்.

வீட்டுக்கு வந்து சாப்பாடு முடிந்து, அறிவு கடைக்குப் போன பிறகு, அவள் கொல்லைப்பக்கம் போனாள். அரிவாள்மனையில் தலையணையின் ஒரு பக்கத் தையலை அறுத்தாள். பஞ்சை எல்லாம் பிடுங்கி ஒரு சாக்கில் போட்டாள். உறையை உதறி, மடித்து, இறுகச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

பூவிழி கட்டிலில் கிடந்தாள். மாமியார் கையில் சுருட்டி வைத்திருந்த நீலக் கட்டத்தைப் பார்த்தாள்.

"கால நீட்டு" என்றாள் கலியம்மாள். அதைக் குதிகாலுக்கு அடியில் வைத்தாள். "போன்ல பத்து நிமிசம் வையி."

"அத்த, உங்களால முடியாது."

"வையிடி."

பூவிழி வைத்தாள். கலியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெற்றிச்செல்வி காட்டிய அதே இடத்தில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள்.

முதல் சத்தத்துக்கே பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் ஜன்னலுக்கு வந்துவிட்டாள். "ஏ கலியம்மா! புள்ளய என்னடி பண்ற?"

"கொல்றேன். போயி உன் வேலையப் பாரு."

ஜன்னல் காலியானது.

"அத்த, போதும்... அத்த!"

"இன்னும் எட்டு நிமிசம் இருக்கு."

"கைய எடுங்க அத்த, உங்க கால்ல விழுறேன்."

"நீ ஏன் விழணும்? விழ வேண்டியவ நானு." கலியம்மாளின் கண்ணிலிருந்து நீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. "அந்தம்மா தலகாணி வைக்கக் கூடாதுன்னு என்கிட்டதான் சொன்னாங்க. அன்னிக்கே சொன்னாங்க. தெரிஞ்சேதான் வச்சேன். இன்னிக்கு நீ பழிய ஏத்துக்கிட்ட, நான் கல்லு மாதிரி நின்னேன்."

பூவிழி மூச்சு வாங்கினாள். "தெரியும் அத்த."

"என்ன தெரியும்?"

"அந்தப் பேப்பருக்குப் பின்னாடியே போட்டிருக்கு, முட்டிக்குக் கீழ தலகாணி கூடாதுன்னு. ரெண்டாவது வாரமே படிச்சுட்டேன்."

"படிச்சுட்டு ஏன்டி சொல்லல?"

"சொன்னா எடுத்துடுவீங்களே." பூவிழிக்கு அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது. "எங்கம்மா போனப்பறம் யாரு அத்த எனக்கு அப்புடி வந்து வந்து பாத்தாங்க? நீங்க தலகாணிய வைக்கிறப்பல்லாம் காலத் தடவிட்டுப் போவீங்க. அதுக்காகவே விட்டுட்டேன். டிக்கு போட்டதும் நான்தான். பாதி நாள் ஒண்ணுமே செய்யல."

கலியம்மாள் அழுத்திக்கொண்டே இருந்தாள். இன்னும் ஆறரை நிமிடம் என்றது போன்.

"தலகாணிய வுடு" என்றாள். "அன்னிக்கு வண்டியில... ஒரு பக்கமா உக்காரச் சொன்னது நானு. தாம்பாளத்தத் தூக்கி மடியில வச்சது நானு. நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு பாத்தேன். அந்த நாலு பேருல ஒருத்தரு வந்து உன்னப் பாக்கல. உன் கால டிராக்டரு ஒடைக்கல பூவு, நான்தான் ஒடச்சேன். தப்பு என் மேலதான். மன்னிச்சுக்க."

ஐம்பத்து நாலு வயதில் முதல் தடவையாக அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தது.

பூவிழி கத்துவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"இது எனக்குத் தெரியாது அத்த."

"எது?"

"இத நீங்க வாய்விட்டுச் சொல்லுவீங்கன்னு."

பிறகு பூவிழி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மன்னிச்சுட்டேன்னு இப்ப சொல்ல வரல அத்த. மனசுல இல்லாதத எப்புடிச் சொல்றது? நான் நடந்துட்டா சொல்றேன்."

"சரி" என்றாள் கலியம்மாள். கையில் இன்னும் கொஞ்சம் பாரம் கொடுத்தாள். பூவிழி வீடு அதிரக் கத்தினாள்.

அதே நேரம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கதவை அறைந்து சாத்துகிற சத்தம். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தவர் வைரக்கண்ணு. பூலாம்பாடியிலிருந்து இரண்டரை மணி நேரம், போனை வைத்த கோபத்தோடேயே வந்திருக்கிறார். அவர் கண்ணில் பட்டது இதுதான்: கட்டிலில் தன் மகள் தலையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறாள்; ஆபரேஷன் செய்த காலின் மேல் கவிழ்ந்து சம்பந்தியம்மாள் பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்துகிறாள்.

"ஏய்! என்ன பண்றீங்க எம் புள்ளய? கைய எடுங்க!"

"அப்பா..." என்றாள் பூவிழி.

"நீ பேசாத. துணிமணிய எடு. இவங்ககிட்ட உன்ன விட்டு வச்சது போதும். ஒரு கால ஒடச்சாச்சு, ஆபரேஷன் பண்ணுனதையும் கெடுத்தாச்சு. கெளம்பு!"

பழைய கலியம்மாளாக இருந்தால் இந்நேரம் இடுப்பில் கை வைத்து எழுந்திருப்பாள். யார் வீட்டில் வந்து யார் குரல் உயர்த்துவது என்று தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

அவள் எழுந்திருக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தினாள்.

"அண்ணே, உக்காருங்க. இன்னும் நாலு நிமிசம் இருக்கு. இது முடிஞ்சதும், இந்தக் காலுக்கு நான் என்னென்ன செஞ்சேன்னு ஒண்ணு விடாம நானே சொல்றேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, கூட்டிட்டுப் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க. நான் குறுக்க வரமாட்டேன்."

வைரக்கண்ணு உட்காரவில்லை. கார் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி, கட்டில் மேல் கிடந்த போனைப் பார்த்தார். அதில் வினாடிகள் குறைந்துகொண்டிருந்தன. மகளை நோக்கி ஒரு கையை நீட்டினார்.

பூவிழி அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள். கண்ணை இறுக மூடினாள்.

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்க அத்த" என்றாள்.